தீர்த்தம் பட்ட ஹார்ப்சிகோர்ட்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

ஜெர்மனியில் நான் தளபாடம் சுமந்து திரிந்த காலத்தைச் சென்ற வாரங்களில் பொறுமையோடு வாசித்தீர்கள். இவ்வாரம் தங்களை லண்டன் நகரின் நடுவே ஓர் ஆங்கிலேயத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நேரம் பகல் ஒன்றரை மணி. வெளியே தூறல், உள்ளே மெழுகும் ஈரக் கம்பளமும் கலந்த வாசம்.

எமல்டா தம் வாத்தியத்தின் கட்டையொன்றை விரலால் அழுத்தினார். நாதம் எழுந்தது. விரலை எடுத்து மறுபடி அழுத்தினார். இம்முறை நாதம் இல்லை; மரம் மரத்தில் தட்டும் மந்தமான ஓசை மாத்திரம் கேட்டது. பக்கத்துக் கட்டையை அழுத்தினார். அதுவும் ஒருமுறை பேசிவிட்டு ஊமையாயிற்று.

கச்சேரி நான்கு மணிக்கு. இருபது வருடங்களுக்கு மேலாக அவர் காத்திருந்த கச்சேரி அது.

நான் கடைசி வரிசை வாங்கில் அமர்ந்திருந்தேன். என் கோட்டின் உட்பையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. காலையில் நிறைந்திருந்த அப்போத்தல் அப்போது பாதியாகியிருந்தது.

எட்டடிப் பெட்டி

எமல்டாவை நான் அறிந்த விதத்தை முதலில் கூற வேண்டும். கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசை முடிந்தபின் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் கொடுப்பார்கள். நான் லண்டன் வந்து வான் வாங்கி, வீடு மாறுவோருக்குச் சாமான் ஏற்றி இறக்கத் தொடங்கியிருந்த காலம். செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து வரும் ஒரு குடும்பத்தின் மகள், முப்பது வயதுக்கு மேற்பட்டவர், தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"சூசை அண்ணை, உங்கட வானில ஒரு பெட்டி ஏத்த ஏலுமோ?"

"என்ன பெட்டி பிள்ளை?"

"எட்டடி நீளம். ஒரு பக்கம் அகலம், மற்றப் பக்கம் ஒடுங்கிப் போகும்."

"சவப்பெட்டியோ?"

"அதைவிடப் பாரம் குறைவு அண்ணை. ஆனா அதைவிடக் கவனமாத் தூக்கோணும். உள்ளுக்கிருக்கிறது உயிரோட இருக்கு."

அவ்வாறு என் வாழ்வில் நுழைந்தது ஹார்ப்சிகோர்ட். பார்வைக்குப் பியானோவின் மெலிந்த மூத்த சகோதரி போன்றது. பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கும். இதிலோ ஒவ்வொரு கட்டையின் பின்னாலும் கோடு போடும் அடிமட்டம் போன்ற ஒரு மெல்லிய மரக்குச்சி நிற்கும். குச்சியின் தலையில் பறவை இறகின் தண்டில் சீவிய ஒரு நகம். கட்டையை அழுத்தக் குச்சி எழும்பும். நகம் தந்தியை மீட்டும். விரலை எடுக்கக் குச்சி தன் குழிக்குள் விழும். விழுந்தால்தான் மறுபடி மீட்டலாம். பியானோ பிறக்குமுன்னர், முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பிய அரண்மனைகளிலும் ஆலயங்களிலும் கோலோச்சிய வாத்தியம் இது.

காக்கை இறகுதான் மிகச் சிறந்ததென்று எமல்டா கூறியபோது என் மனைவி திரேசா நம்பவில்லை. நானோ மறுநாளே வான்ஸ்டெட் புல்வெளியில் நடக்கப் போய் ஒரு பை நிறைய இறகு பொறுக்கிக் கொண்டு கொடுத்தேன். எமல்டா ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, நாற்பதில் மூன்றை வைத்துக்கொண்டார்.

"மிச்சத்துக்கு என்ன குறை?"

"எல்லாம் சோம்பேறிக் காகங்கள் அண்ணை. பறந்து உழைச்ச காகத்தின்ர இறகுதான் சரிவரும்."

அவர் பகிடி விட்டாரா, மெய் சொன்னாரா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

தேங்காய்ப்பால்

பள்ளிக்கூடத்துப் பண்டகசாலையில் துணி மூடிக் கிடந்த பழைய ஹார்ப்சிகோர்ட் ஒன்றைப் பதின்மூன்று வயதில் திறந்து ஒரு கட்டையை அழுத்தினாராம் எமல்டா. அன்றே தீர்மானித்துவிட்டாராம். தகப்பனார் கணக்காளர் ஆக்க விரும்பினார். மகளோ லண்டனில் சங்கீதக் கல்லூரி, பின் ஹொலண்டில் நான்கு வருடம் என்று அந்தப் பழங்கால இசையின் பின்னாலேயே போனார். ஹொலண்டு மழையில் அவர் நனைந்த காலத்தில் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் நானும் நனைந்துகொண்டிருந்தேன். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இருவரும் சிரிப்பதுண்டு.

திரும்பி வந்தபின் அவருக்குக் கிடைத்தது துணை வாசிக்கும் தொழில். இருபது வயலின்காரரின் நடுவே அமர்ந்து அடித்தளம் போடுவது. அந்தக் காலத்து இசை ஏடுகளில் கீழ்ச்சுரங்களை மாத்திரம் எழுதி, மேலே சில இலக்கங்கள் இட்டிருப்பார்கள். மிகுதியை வாசிப்பவரே அந்தந்தக் கணத்தில் இட்டு நிரப்ப வேண்டும். எழுதப்படாததை வாசிப்பதே அவருடைய வேலை.

"அவ்வளவு பேருக்கை நீ வாசிக்கிறது ஆருக்குப் பிள்ளை கேக்கும்?" என்று திரேசா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"கறிக்குத் தேங்காய்ப்பால் மாதிரி அக்கா. பால் நல்லாயிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். விடாட்டித்தான், என்ன இண்டைக்கு ஒரு மாதிரிக் கிடக்கெண்டு கேப்பினம்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆயினும் வானில் என் அருகே அமர்ந்து மடியில் விரல்களால் வாசித்துக்கொண்டு வரும்போது, அவர் வாசிப்பது துணை அன்று என்பதை நான் கவனித்திருக்கிறேன். இரு கைகளும் நிறைய வாசிப்பார். சிவப்பு விளக்கில் வான் நிற்கும் நேரம் அவருக்குப் போதாமல் இருக்கும்.

ஈற்றில் அந்த ஞாயிறு வந்தது. தனியாக, அவர் பெயர் மட்டும் அச்சிட்ட நிகழ்ச்சித் தாளோடு, ஒரு மணி நேரம். சங்கீத விழாவொன்றுக்குக் கலைஞர்களைத் தெரிவு செய்யும் ஒரு கனவான் வந்து கேட்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். "இவர் இண்டைக்குக் கேட்டாக் கேட்டதுதான் அண்ணை," என்றார் எமல்டா. "எனக்கு நாப்பத்தெட்டு. இன்னொருக்கா ஆர் வந்து கேக்கப்போகினம்?"

துடைக்கலாகாது

எங்கள் கத்தோலிக்கச் சனங்கள் புதிதாக எதையும் தீர்த்தம் தெளிக்காமல் தொடங்க மாட்டார்கள். வீடு, கடை, கார், பிள்ளையின் பரீட்சைப் பேனை, எல்லாவற்றுக்கும் தெளிப்போம். என் வானுக்குக் குருவானவர் தெளித்தபோது, "பின் கதவையும் விடாதேங்கோ பாதர்" என்று பின்னால் நின்று திரேசா நெருக்கினாள். தெளித்த தீர்த்தத்தைத் துடைக்கலாகாது என்பதும் எங்கள் வழக்கம். அது தானாகக் காய வேண்டும்.

அன்று காலைப் பூசையில் போத்தலை நிரப்பித் திரேசாதான் தந்தாள். "பிள்ளைக்குப் பெரிய நாள். மறக்காமத் தெளிச்சுவிடுங்கோ."

பன்னிரண்டு மணியளவில் பெட்டியைத் தேவாலயத்துள் கொண்டு போனோம். அகன்ற முனையை நான் பிடிப்பேன். ஒடுங்கிய முனையை, தடித்த கையுறை அணிந்து, அவரே பிடிப்பார். வாத்தியத்தை அதன் கால்களில் பொருத்தி, மூடியைத் திறந்து, குச்சிகளின் தலைமேல் கிடக்கும் நீண்ட சட்டத்தையும் கழற்றி வைத்தார். சுருதி சேர்க்குமுன் குச்சிகளைப் பார்ப்பது அவர் வழக்கம். பின்னர் சாண்ட்விச் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

ஐயா, நான் எழுந்து போனேன். குச்சிகள் இரண்டு வரிசையாக நின்றன. அதற்கு மேலும் கீழுமாய் இரண்டு அடுக்குக் கட்டைகள்; மேல் கட்டைகளுக்கு ஒரு வரிசை, கீழ்க் கட்டைகளுக்கு ஒரு வரிசை. சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டேன். பிதாவின் பெயரால் ஒருமுறை, சுதனின் பெயரால் ஒருமுறை, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒருமுறை. ஒரு மூலையையும் விடவில்லை. துளிகள் குழிகளுக்குள் இறங்குவதைப் பார்த்து என் மனம் குளிர்ந்தது. துடைக்கவில்லை.

காய்ந்த மரம் தண்ணீர் குடித்தால் ஊதும் என்பது தளபாடம் சுமந்தே நரைத்த எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அதை நான் தண்ணீர் என்று எண்ணவே இல்லை.

பூ வைக்கும் அம்மையார்

சாண்ட்விச்சுடன் திரும்பி வந்த எமல்டா சுருதி சேர்க்கலானார். முன்பொருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன், எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகச் சரியாக வைத்தால் என்னவென்று. "ஏலாது அண்ணை. ஒண்டுக்கு முழு உண்மையும் சொன்னா மற்றது அழும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லித்தான் சமாளிக்கோணும்." அந்தச் சின்னஞ்சிறு பொய்களை அவர் காதால் அளந்து அளந்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான், நான் தொடக்கத்திற் கூறியவாறு, கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையாகின.

எமல்டா குனிந்து குழிகளுக்குள் பார்த்தார். விரலால் தொட்டார். விரல் ஈரமாயிற்று.

அந்நேரம் பீடத்தருகே வெண்தலை மூதாட்டி ஒருவர் சாடிகளில் பூ அடுக்கி, நீண்ட மூக்குள்ள வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டோரத்தி என்பது அவர் பெயர். எமல்டா அவரிடம் போய், இங்கே வாத்தியத்தின் மேலாகச் சாடி எதையும் கொண்டு போனீர்களா, தண்ணீர் சிந்தியதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

இல்லையே என்றார் மூதாட்டி. பின்னர் வாளியைப் பார்த்தார். பிறகு வாத்தியத்தைப் பார்த்தார். "நான் சிந்தினேனா? அந்த வழியாகத்தான் வந்தேன். இப்போதெல்லாம் எனக்கு நினைவு நிற்பதில்லை," என்று சொல்லிக் கண் கலங்கினார்.

செய்யாத குற்றத்தை ஒருவர் தன் மேல் தேடிக்கொண்டிருந்தார். பாதிப் போத்தல் என் நெஞ்சில் இடித்தது.

எழுந்து போனேன். "பிள்ளை, அவவை விடு. நான்தான்." போத்தலை எடுத்துக் காட்டினேன்.

எமல்டா போத்தலைப் பார்த்தார். அதில் மாதாவின் படம் ஒட்டியிருந்தது. முதலில் மூதாட்டியின் இரு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டு, நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னார். பின்னரே என் பக்கம் திரும்பினார்.

"எத்தினை தரம் தெளிச்சனீங்கள்?"

"மூண்டு."

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி?"

"ஓம்."

கண்ணை மூடித் திறந்தார். "நல்ல காலம் நாங்கள் சைவம் இல்லை அண்ணை. கும்பாபிஷேகமே நடந்திருக்கும்."

சிரிக்கவும் என்னால் இயலவில்லை. அழவும் இயலவில்லை. அவர் ஏற்கெனவே சட்டையின் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேர் கைகூப்பி

கீழ்க் கட்டைகளுக்குரிய வரிசையில் குழிகளே ஊதிவிட்டன. அதை அன்று மீட்க வழியில்லை. மேல் வரிசையில் ஒன்பது குச்சிகளே நனைந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக உருவி, தாளில் இலக்கமிட்டுச் சுற்றினார். கழுவறையிலுள்ள சூட்டுக் காற்று யந்திரத்தில் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். வளைஞ்சு போகும். கைச்சூடு போதும். ஆளுக்கு மூண்டு."

எமல்டா மூன்று, நான் மூன்று, டோரத்தி அம்மையார் மூன்று. முன் வாங்கில் வரிசையாக அமர்ந்து, உள்ளங்கைகளுக்கிடையே குச்சிகளை வைத்துப் பொத்திக்கொண்டோம். யாரேனும் பார்த்தால் மூவரும் கைகூப்பி வேண்டுகிறோம் என்றே எண்ணியிருப்பர். நான் வேண்டத்தான் செய்தேன். என் கையில் மூன்று குச்சிகளின் எடை ஒரு தாளின் எடைதான். அதைவிடப் பாரமான எதையும் என் ஆயுளில் நான் சுமந்ததில்லை.

அரை மணி கழிந்ததும் எமல்டா எழுந்து, முதலில் தம் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் குழிக்குள் இறக்கலானார். அப்போது தேவாலயத்துப் பொறுப்பாளர் உள்ளே வந்து, என்ன ஈரம், என்ன கலவரம், இப்படியென்றால் கச்சேரியைத் தொடர விடுவதா என்று கடுமையாகக் கேட்டார். எமல்டாவின் தலை பெட்டிக்குள் இருந்தது. டோரத்தி அம்மையார் எழுந்து அவரருகே போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பொறுப்பாளர் தலையை ஆட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். என் ஆங்கிலம் அத்தனை தூரம் எட்டவில்லை. அம்மையார் திரும்பி வந்து, என் கையைப் பார்த்து, நன்றாகப் பொத்திப் பிடி என்று சைகை காட்டினார்.

ஒற்றை வரிசை

நான்கு மணிக்கு அறுபது பேர் இருந்தார்கள். அந்தக் கனவான் மூன்றாம் வாங்கில் சாம்பல் நிறக் கழுத்துத்துணியோடு அமர்ந்திருந்தார். ஒன்பது குச்சிகளும் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. ஆனால் இரண்டு குரலுள்ள வாத்தியத்தில் ஒரு குரலே மிச்சம். அதுவும் மெலிந்த குரல்.

எமல்டா கருப்பு உடையில் வந்து அமர்ந்தார். ஒரு கணம் கைகளை மடியில் வைத்திருந்தார். தொடங்கினார்.

ஐயா, அம்மணி, சங்கீதத்தை எழுத எனக்குக் கல்வி இல்லை. கண்டதை எழுதுகிறேன். முதற் சில நிமிடம் மக்கள் இருமினார்கள், தாள் திருப்பினார்கள். அந்த மெல்லிய ஓசையைக் கேட்க வேண்டுமாயின் தாம் அசையாதிருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. பத்தாவது நிமிடத்தில் அறுபது பேரும் மூச்சையும் அளந்து விட்டார்கள். ஒவ்வொரு சுரமும் முடிந்தபின் குச்சி குழிக்குள் விழும் சிறு சத்தம் கடைசி வாங்கு வரை கேட்டது. பெருத்த இடங்களில் கீழ் வரிசையின் குரல் இல்லாத குறையை அவர் அங்கேயே, அக்கணமே, எழுதப்படாத சுரங்களை இட்டு நிரப்பினார். இருபது வருடத் துணைவாசிப்பு அத்தனையும் அன்று கைகொடுத்தது.

கடைசி உருப்படி இரண்டு கட்டை வரிசைகளுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாக, ஒன்றன் மேலொன்று குறுக்கே ஓட வேண்டும். அன்று இரண்டு கைகளுக்கும் ஒரே வரிசை. ஃபாரஸ்ட் கேட் ரயில் நிலையத்துப் படிகளில் காலை எட்டு மணிக்கு ஏறுவோரும் இறங்குவோரும் தோள் உரசாமல் போவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். அப்படிப் போயின பத்து விரல்களும். ஒரு விரல் விட்ட கட்டை எழும்பி முடியுமுன்னரே மற்றக் கையின் விரல் அதில் வந்து நின்றது. என் பக்கத்தில் டோரத்தி அம்மையார் தம் இரு கைகளையும் இன்னும் பொத்தியபடியே இருந்தார், உள்ளே எதுவும் இல்லாமலே.

வானில் அவர் மடியில் வாசித்த வாசிப்பு இதுதான் என்று அப்போது விளங்கிற்று. நான் தலை குனிந்தேன். கண்ணீரை மறைக்க அல்ல. அந்நேரம் நிமிர்ந்திருக்கத் தகுதி இல்லை என்று தோன்றியது.

முடிந்ததும் கனவான் வந்து, ஏன் ஒரே வரிசையில் வாசித்தீர்கள் என்று வினவினார். எமல்டா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாத்தியம் இன்று அப்படித்தான் கேட்டது என்று பதிலளித்தார். அது பொய்யன்று.

ஒரு மாதத்தின் பின் தொலைபேசி ஒலித்தது.

"அண்ணை, அவர் கூப்பிட்டிட்டார். வசந்தத்தில விழா. தனிய."

"மாதாவே!"

"ஒரு நிபந்தனையாம். அண்டைக்கு மாதிரியே ஒத்தை வரிசையில வாசிக்கோணுமாம். திரேசா அக்காட்டைக் கேளுங்கோ, தீர்த்தம் மிச்சம் கிடக்கோ எண்டு."

கதவில் ஒட்டிய தாள்

அதன் பின் எமல்டா தனியாக வாசித்த ஊர்கள் பல. பெரும்பாலானவற்றுக்கு அகன்ற முனையைப் பிடித்தவன் நானே. அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர், அந்த முதற் கச்சேரியில் அவர் துணிந்து எளிமையைத் தெரிந்தெடுத்தார் என்று எழுதுகின்றனர். அவர் மறுப்பதில்லை, கேட்டால்தானே மறுக்க.

ஐந்தாறு வருடங்களின் பின் அதே தேவாலயத்துக்குப் பெட்டியைக் கொண்டு போனோம். உள்ளறைக் கதவில், மஞ்சளாகிப்போன ஒரு தாள் ஒட்டியிருந்தது. இசைக்கருவிகள் உள்ள நாளில் பூச்சாடி வைக்கலாகாது என்று எழுதியிருந்தது. பொறுப்பாளர் புதியவர். ஏன் என்று நானே கேட்டேன். என் ஆங்கிலம் அப்போது சற்றுத் தேறியிருந்தது.

முன்பு பூ வைத்த ஓர் அம்மையார் கச்சேரி நாளில் வாத்தியத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டாராம். தானே ஒப்புக்கொண்டாராம். அதன் பிறகு கச்சேரி நாட்களில் அவரைப் பூ வைக்க விடவில்லையாம். இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டாராம்.

அன்று தாழ்ந்த குரலில் டோரத்தி அம்மையார் சொன்னது இன்னதென்று எனக்கு அந்தக் கதவடியில்தான் தெரிந்தது. கச்சேரி நின்றுவிடாமல் இருக்க, தண்ணீரைத் தாமே சிந்தியதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று குச்சிகளைக் கையில் பொத்தியபடி சொல்லியிருக்கிறார். எமல்டாவிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தத் தாளின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

நடந்ததைப் புதிய பொறுப்பாளரிடம் அப்போதே சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பழைய கதைதானே என்றார். தாள் கதவிலேயே இருந்தது.

இதை எழுதப்போவதாகச் சென்ற மாதம் எமல்டாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை. ஆனா தீர்த்தத்தையும் எழுதோணும். டோரத்தியின்ர பேரையும் போடோணும்."

போட்டிருக்கிறேன். அந்தக் கச்சேரியை எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. அன்றைய நிகழ்ச்சித் தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆகவே, ஐயா, அம்மணி, தங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். அன்று தண்ணீர் சிந்தியவர் டோரத்தி அம்மையார் அல்லர், சிந்தியவன் நான். தயவுசெய்து இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, கெடாத ஓரிடத்தில் வைத்திருங்கள்.